அளவறிந்து ஆக்கிய அடிசில்
(தமிழ்ச் சமண இல்லங்களின் உணவு மரபு)

சிலப்பதிகாரத்தில் ஒரே ஒரு முறைதான் கண்ணகி அடுப்படியில் நின்று சமைப்பதை இளங்கோவடிகள் விரிவாகக் காட்டுகிறார். புகார் நகரில் செல்வ வணிகர் குடியில் பிறந்து வளர்ந்த அவள், மதுரையில் ஆயர்குல முதுமகள் மாதரியின் அடைக்கலத்தில் இருக்கும்போது அந்தச் சமையல் நிகழ்கிறது. கவுந்தியடிகள் ஒப்படைத்துச் சென்ற விருந்தினர் சாவக நோன்பு பூண்டவர்கள் என்பதை மாதரி அறிவாள். ஆகவே, பகற்பொழுதிலேயே உண்பதற்குரிய உணவை ஆக்க நல்ல கலங்களைக் காலந்தாழ்த்தாது கொடுக்குமாறு ஆய்ச்சியரிடம் கூறுகிறாள்.

ஆய்ச்சியர் கொண்டுவந்து கொடுத்த பொருள்களையும் கொலைக்களக் காதை வரிசைப்படுத்துகிறது. பலாக்காய், வரிகளையுடைய வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி நெல்லின் அரிசி, அவர்கள் வீட்டுப் பசுவின் பால்பயன் ஆகியவை அதில் உள்ளன. மண்ணைத் தோண்டி எடுத்த கிழங்கு ஒன்றும் அதில் இல்லை. மரத்திலும் கொடியிலும் காய்த்தவையும், கதிரில் விளைந்ததும், கறந்ததுமே உள்ளன. வளைந்த அரிவாள்மணையில் காய்களை அரிந்த கண்ணகியின் மெல்விரல்கள் சிவந்தன; முகம் வியர்த்தது; கண்கள் சிவந்தன. மாதரியின் மகள் ஐயை வைக்கோலால் தீ மூட்டிக் கொடுத்தாள். வாழைக்குருத்து விரித்து, கணவனுக்கு அந்த அடிசில் படைக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் ஒரு சமண இல்லறத்தாரின் அன்றாட உணவு எப்படி இருந்தது என்பதற்கு இலக்கியத்தில் கிடைக்கும் மிகப் பழைய, மிகத் தெளிவான காட்சி இதுவே எனலாம். எளிய உணவு; பகலில் உண்ணும் உணவு; பிற உயிருக்கு ஊறு விளைவிப்பதைக் கூடியவரை குறைத்த உணவு. பிற்காலத்தில் மருத்துவர்கள் 'இலகுவான உணவு' என்று பரிந்துரைப்பதன் கூறுகள் பல இதில் அமைந்திருக்கின்றன. ஆனால் அது உடல் எடையை எண்ணிச் செய்யப்பட்டதன்று. அறத்தை எண்ணிச் செய்தது உடலுக்கும் நன்மையாயிற்று.

எதை, எவ்வளவு

சமண உணவு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது விலக்குப் பட்டியலே. ஊன், கள், தேன் ஆகியவை அறவே ஆகா, கிழங்கு, வெங்காயம், பூண்டு ஆகா, இரவுணவு ஆகாது. இவையெல்லாம் 'எதை உண்பது, எப்போது உண்பது' என்னும் வினாக்களுக்கு விடைகள். ஆயினும் முன்னோர் இவற்றோடு நிறுத்தவில்லை. 'எவ்வளவு உண்பது' என்னும் வினாவையும் அதே அழுத்தத்துடன் எழுப்பினர்.

சமண நூல்கள் தவத்தைப் புறத்தவம், அகத்தவம் என இருவகையாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் ஆறாக விரிக்கின்றன. புறத்தவம் ஆறனுள் முதல் நான்கும் உணவைப் பற்றியவை. அனசனம் என்பது உண்ணாதிருத்தல். அவமோதரியம் என்பது பசியளவுக்கும் குறைத்து உண்ணுதல். விருத்தி பரிசங்கியானம் என்பது இன்னின்ன வகையில் கிடைத்தால் மட்டுமே உண்பது என வரையறுத்துக்கொள்ளுதல். இரச பரித்தியாகம் என்பது பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், உப்பு எனும் ஆறு சுவைப்பொருள்களுள் ஒன்றையோ பலவற்றையோ விடுதல்.

இந்நான்கனுள் பட்டினி ஒன்றே. மற்ற மூன்றும் உண்டுகொண்டே செய்யும் தவங்கள். மூலாசாரம் என்னும் பழைய பிராகிருத நூல் ஆடவர்க்கு 32 கவளம் நிறைந்த உணவு எனக் கணக்கிட்டு, அதனினும் ஒரு கவளம் முதலாகக் குறைத்து உண்பதை அவமோதரியம் என்கிறது. உணவை அளந்து உண்ணும் கருத்து அண்மைக்காலத்ததன்று என்பதற்கு இக்கணக்கே சான்று. ஆனால் இன்றைய கணக்கு உணவின் ஆற்றலை எண்ணுகிறது; அன்றைய கணக்கு உண்பவனின் அடக்கத்தை எண்ணியது.

கல்லில் எழுதிய செய்தி

தமிழகத்தின் மலைக்குகைகளில் துறவியர்க்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகள் 2,000 ஆண்டுப் பழைமை உடையவை. மதுரைக்கு அருகிலுள்ள அழகர்மலையின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், அவற்றுக்குக் கொடை தந்த வணிகர்களைத் தொழிலோடு சேர்த்துக் குறிப்பிடுகின்றன. அவர்களுள் ஒருவன் உப்பு வணிகன். மற்றொருவன் பணித வணிகன், அதாவது வெல்லப்பாகு விற்றவன். உப்பையும் இனிப்பையும் விற்றுப் பொருள் ஈட்டியவர்கள், அவ்விரண்டையும் துறக்கவல்ல தவத்தோர்க்கு இருப்பிடம் அமைத்துக் கொடுத்தனர். சுவையை ஊருக்கு வழங்கிய கைகளே சுவை துறந்தோரையும் போற்றின.

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றின் கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் அனசன நோன்பிருந்து உயிர் துறந்ததைப் பதிவு செய்கிறது. அது துறவின் உச்சி, இல்லறத்தார்க்கு விதித்ததன்று. அந்த உச்சிக்கும் நாள்தோறும் இலையில் விழும் சோற்றுக்கும் இடையே நீண்ட படிக்கட்டு ஒன்று உண்டு. அதன் கீழ்ப்படிகளை இல்லறத்தார்க்கு வகுத்துத் தந்தவை சாவக ஒழுக்க நூல்கள்.

இல்லறத்தார்க்கு வகுத்த எல்லை

காஞ்சியோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் அத்தகைய நூல்களுள் தலையாயது. அதன் கருத்துகளைத் தழுவித் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. நுகரும் பொருள்களுக்குத் தானே எல்லை வகுத்துக்கொள்ளும் போகோபபோக பரிமாண விரதத்தைச் சமந்தபத்திரர் விளக்கும் இடம் சமையலறைக்கு மிக நெருக்கமானது. பயன் சிறிதும் உயிர்க்கேடு பெரிதுமாய் இருப்பவற்றை விடுக என்கிறார். முள்ளங்கி போன்ற கிழங்கு, பச்சை இஞ்சி, வெண்ணெய், வேப்பம்பூ, தாழம்பூ ஆகியவற்றை அங்கே எடுத்துக்காட்டுகிறார்.

பச்சை இஞ்சிக்குத் தடை விதித்த மரபிலேயே சுக்குக்கு இடம் கிடைத்தது. உலர்ந்த பொருளில் உயிர்க்கேடு குறைவு என்பது அதன் அடிப்படை. சமணரான கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ஏலாதி என்னும் மருந்தின் பெயரைச் சூட்டினார். ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் சேர்ந்தது அம்மருந்து. உடல்நலமும் ஒழுக்கமும் ஒரே அஞ்சறைப்பெட்டியில் இருந்தன போலும்.

சமந்தபத்திரர் கூறும் இன்னொரு செய்தி இன்றைய இல்லங்களுக்கு மிகவும் பயன்படுவது. எல்லை வகுத்தல் இருவகைப்படும். வாழ்நாள் முழுவதும் விடுவது இயமம். காலவரையறையோடு விடுவது நியமம். ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு மாதம், ஒரு பருவம், அரையாண்டு என அக்காலம் எவ்வளவாகவும் இருக்கலாம். 'இன்று ஒரு நாள் நெய் இல்லை' என்பதும் விரதமே. முழுமையாக இயலாதவரை இந்த மரபு வாசலிலேயே நிறுத்திவிடவில்லை. இயன்றதிலிருந்து தொடங்கச் சொன்னது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' இதே நெறியை மருத்துவமாக மொழிகிறது. உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு வேறு மருந்து வேண்டாம் என்பதும், செரிக்கும் அளவறிந்து உண்பதே நெடுநாள் வாழும் வழி என்பதும் அங்குள்ள கருத்துகள். மருந்தைப் பற்றிய அதிகாரத்தில் உணவின் அளவே பெரும்பகுதியாகப் பேசப்படுவது எண்ணத்தக்கது.

கொடியில் தொங்கிய காய்கள்

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் வாழ்ந்துவரும் நயினார் குடும்பங்கள் பெரும்பாலும் உழவுத்தொழில் சார்ந்தவை. கிழங்கு விலக்கப்பட்ட அடுப்படியில் அவ்விடத்தை நிரப்பியவை கொடிக்காய்களும் அவரை வகைகளும். பூசணி, சுரை, புடலை, பீர்க்கு, வெள்ளரி, அவரை, கொத்தவரை, வாழைக்காய் ஆகியவை இவ்வகையின. இவற்றுள் வெள்ளைப்பூசணி, சுரை, புடலை, பீர்க்கு, வெள்ளரி ஆகியவற்றில் 100 கிராமுக்கு 20 கலோரிக்கு மேல் இல்லை. பெரும்பகுதி நீரும் நார்ச்சத்துமே. வயிற்றை நிரப்பும், உடலில் சேராது.

இக்காய்களை ஆக்கும் முறையும் எளிது. பாசிப்பருப்பை மலர வேகவைத்து, காயைத் துண்டுகளாக்கிச் சேர்த்து, மிளகும் சீரகமும் அரைத்துவிட்டு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் கூட்டு. வெங்காயமும் பூண்டும் இல்லாததால் வதக்குவதற்கென எண்ணெய் ஊற்றும் தேவையே எழுவதில்லை. தாளிப்புக்கு ஒரு தேக்கரண்டி போதும். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் பச்சைக் காய்களை விடுவோர் பருப்பையும் வற்றலையும் கொண்டு அன்றைய உணவை முடித்துக்கொள்வர்.

இரவுணவு விலக்கு, விளக்கொளியை நாடி வரும் சிற்றுயிர்கள் உணவிலும் தீயிலும் விழுந்து மடிவதைத் தவிர்க்க எழுந்தது. பொழுது சாய்வதற்குள் அடுப்பு அணைந்துவிடும். உண்டதற்கும் உறங்குவதற்கும் இடையே நீண்ட இடைவெளி கிடைத்தது. இரவுணவை முன்னதாகவே முடித்துக்கொள்ளுமாறு இன்றைய மருத்துவர்கள் கூறும் அறிவுரை, இம்மரபில் வளர்ந்தோர்க்குப் புதிதன்று.

மரபு நெகிழ்ந்த இடம்

வரலாறு அடுப்படியையும் மாற்றாமல் விடவில்லை. கண்ணகியின் அடுப்படியில் மிளகாய் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை, தக்காளியும் இல்லை. இவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்தவை. உருளைக்கிழங்கை எந்தப் பழைய நூலும் பெயர் சொல்லி விலக்கியிருக்க இயலாது. எனினும் பழைய விதி புதிய பொருளுக்கும் பொருத்தப்பட்டது. விதியின் காரணத்தை அறிந்திருந்ததனால்தான் அது இயன்றது.

வேர்க்கடலையும் அவ்வாறு வந்ததே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காடு மாவட்டத்தில் அதன் சாகுபடி பெரிதும் பரவியது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயோடு கடலை எண்ணெயும் சேர்ந்தது. பின்னர் ஆலை எண்ணெயும் வெள்ளைச் சர்க்கரையும் எல்லாக் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கலாயின. இவற்றுள் எதையும் விலக்குப் பட்டியல் தடுக்கவில்லை. இங்கேதான் மரபு ஒருபக்கமாய்ச் சாய்ந்தது. 'எதை' என்னும் வினா உயிரோடு இருக்க, 'எவ்வளவு' என்னும் வினா மெல்ல ஓய்ந்தது.

இன்று விழா நாளில் பந்தியில் ஒரு துண்டு வெங்காயமும் இராது; ஆனால் நெய்யில் மிதக்கும் இனிப்பு இரண்டும், எண்ணெயில் பொரித்தவை மூன்றும் இருக்கும். விதி மீறப்படவில்லை எனினும் விதியின் உள்ளம் அங்கே இல்லை. ஒரு கிராம் மாவுப்பொருளில் 4 கலோரி. ஒரு கிராம் எண்ணெயிலோ நெய்யிலோ 9 கலோரி. கிழங்கை விட்டதனால் குறைந்ததைப் போன்று பன்மடங்கு, பொரித்த பண்டத்தின் வழியே திரும்பி வருகிறது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் நுழையாத வீடு அரிதாகிவிட்ட காலத்தில், புறத்தவம் நான்கனுள் அனசனத்தை மட்டும் ஆண்டுக்குச் சில நாள் நோற்று, அவமோதரியத்தையும் இரச பரித்தியாகத்தையும் ஆண்டு முழுவதும் மறந்திருப்பது முறையாகுமா என்பது சிந்திக்கத்தக்கது.

மீட்சிக்குப் பெருமுயற்சி எதுவும் வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் உப்பு, ஒரு நாள் இனிப்பு, ஒரு நாள் நெய் என முறைவைத்து விடும் பழக்கம் திகம்பர இல்லங்களில் பழைமையானது. அதனை நியமமாக மேற்கொள்ளலாம். எண்ணெயைப் புட்டியிலிருந்து சாய்க்காமல் கரண்டியால் அளக்கலாம். இலையில் சோற்றின் பங்கைக் குறைத்துக் கூட்டின் பங்கைக் கூட்டலாம். இன்னும் இரண்டு கவளம் வேண்டும் என்று தோன்றும்போதே கையை எடுக்கலாம். நீரிழிவுக்கு மருந்து உண்போர் நோன்பிருக்குமுன் மருத்துவரைக் கலந்துகொள்வது நலம். உயிரோம்பல் தன்னுயிரையும் உள்ளடக்கியதே.

தசலட்சண பருவத்தின் ஏழாம் நாள் உத்தம தவத்துக்கு உரியது. அந்நாளில் உபவாசம் இருப்போர் பலர். மறுநாள் பாரணையின்போது இலையில் விழுவது எவ்வளவு என்பதிலும் அத்தவம் தொடர்கிறது.

மதுரையில் கோவலன் உண்டது அவன் வாழ்வின் இறுதி உணவு. அதனை ஆக்கியவளும் உண்டவனும் அதை அறியார். வீடும் பொருளும் இழந்து, பிறர் தந்த காயும் அரிசியும் கொண்டு சமைத்த அந்நாளிலும், அவர்கள் நோன்பு வழுவவில்லை. அவ்விருவரும் வழிவழியாக வைத்துப்போன சொத்துகளுள் அழியாதது அந்த வாழைக்குருத்தும் அதில் அளவறிந்து இட்ட அடிசிலுமே. அதனைக் காப்பது இன்று அடுப்படியில் நிற்போர் கையிலும், இலைமுன் அமர்வோர் நாவிலும் இருக்கிறது.