ரோமாபுரிக்கு நடந்தவர் யார்?



"முசோலினி காலத்தில் இத்தாலி நாட்டு வண்டிகள் நிமிடம் பிசகாமல் ஓடின. அப்படி ஒருவன் வந்தால்தான் நம் நாடும் உருப்படும்."

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் நான் இவ்வாசகத்தைக் கேளாத மாதம் இல்லை. கேட்டது மட்டுமன்று; வண்டி தாமதமாகும் போதெல்லாம் நானும் அதைச் சொல்லியிருக்கின்றேன். சென்ற ஆண்டு, கல்லூரியில் பயிலும் என் மகள், "அப்பா, இதைப் பார்த்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள்" என்று ஓர் ஆவணப்படத்தை என் முன் வைத்தாள். பார்த்தபின் அவ்வாசகம் என் நாவில் எழவில்லை. அதன் காரணத்தை நம் காலனிக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இத்தாலி என்னும் பெயர் நம் முன்னோர் செவிக்கு இனித்த காலம் ஒன்று உண்டு. சிதறிக் கிடந்த தம் நாட்டை ஒன்றாக்கப் பாடுபட்ட மாஜினியின் வரலாற்றைச் சுரேந்திரநாத் பானர்ஜி 1870-களில் இக்கல்கத்தா நகரின் மாணவர்களுக்கு எடுத்துரைத்தார். நம் பாரதியார் மாஜினியின் சபதத்தைத் தமிழ்க் கவிதையாக்கித் தந்தார். அது விடுதலை வேண்டிய நாட்டுப்பற்று. ஆனால் அதே மண்ணில், 1919 மார்ச் 23 அன்று மிலான் நகரில், முசோலினியின் தலைமையில் வேறொரு நாட்டுப்பற்று பிறந்தது. அதுவும் தாய்நாடு என்றே பேசிற்று. ஆயினும் அதன் கருஞ்சட்டைப் படையினர் தொழிற்சங்கங்களையும் செய்தித்தாள் அலுவலகங்களையும் கொளுத்தினர். மாற்றுக் கருத்தினரைத் தடியால் அடித்தனர். வாயைப் பிளந்து விளக்கெண்ணெய் புகட்டினர்.

1922 அக்டோபர் இறுதியில் இப்படையினர் தலைநகரான ரோமாபுரியை நோக்கிப் புறப்பட்டனர். போதிய ஆயுதமின்றி, மழையில் நனைந்து, நகருக்கு வெளியே காத்துக் கிடந்தனர். இராணுவம் நினைத்திருந்தால் அவர்களைக் கலைத்திருக்கலாம். ஆனால் 28ஆம் நாள், இராணுவச் சட்ட ஆணையில் கையொப்பமிட மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் மறுத்துவிட்டார். சரி, அந்நேரம் தலைவர் எங்கே இருந்தார்? மிலான் நகரில்! ஆட்சி அமைக்க அழைப்பு வந்த பிறகே, 29ஆம் நாள் இரவு, படுக்கை வசதியுள்ள வண்டியில் ஏறி மறுநாள் காலை ரோமாபுரியில் இறங்கினார். உலகம் புகழ்ந்த 'ரோமாபுரி நடைப்பயணத்தின்' தலைவர் நடக்கவேயில்லை. நம் இலாகாவின் பயணிகளைப் போல இரயிலில் வந்தார்.

நிற்க. இந்நிகழ்ச்சியை உம்பர்த்தோ பாரதீசி என்பவர் அதே ஆண்டில் ஒரு மௌனப்படமாக ஆக்கினார். அதன் பெயர் 'ஆ நோய்!' என்பதாகும். 'எம் பக்கம்!' என்பது அம்முழக்கத்தின் பொருள். தமிழ்ச் செவிக்கு அது ஒலிக்கும் விதமே பொருத்தம் என எண்ணிக்கொண்டேன். அப்படத்தில் எல்லாம் வீரம், எல்லாம் ஒழுங்கு, எல்லாம் வெற்றி. படக்காட்சியின் வலிமையை அவ்வாட்சி நன்கு உணர்ந்திருந்தது. 1924-இல் தோன்றிய 'லூச்சே' என்னும் படநிறுவனம் விரைவில் அரசின் கைக்குள் வந்தது. அதன் படங்களைக் கொட்டகைகள் கட்டாயம் காட்டவேண்டும் என்றும் சட்டம் பிறந்தது.

நூறாண்டு கழித்து, 2022-இல், மார்க் கசின்ஸ் என்பவர் 'ஆ நோய்!' படத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். அதுவே என் மகள் காட்டிய படம். பழைய சுருளை அவர் எறிந்துவிடவில்லை. காட்சி காட்சியாக நிறுத்தி, கேமரா எங்கே நின்றது, எதைக் காட்டியது, எதைக் காட்டாமல் மறைத்தது என்று வினவுகின்றார். அலுவலகத்தில் தணிக்கையாளர் செய்வதும் இதுவன்றோ? பொய்ப்பதிவு உள்ள பேரேட்டை அவர் கிழிப்பதில்லை. வேறு பேரேட்டோடு ஒப்பிடுகின்றார். அப்போது அப்பொய்யே எழுதியவனுக்கு எதிரான சான்றாகிவிடுகின்றது. 1965-இல் ருஷ்ய இயக்குநர் மிகாயில் ரோம், ஜெர்மானிய நாஜிகளின் படச்சுருள்களைக் கொண்டே அவர்களது கொடுமையைக் காட்டியதும் இம்முறையில்தான்.

என்னைப் போன்ற எளியோர் ஏமாந்தது வியப்பன்று. நம் நகரின் குருதேவரே சிறிது காலம் ஏமாந்தார். தேசியவெறியைக் கண்டித்து 1917-இல் நூல் வெளியிட்ட இரவீந்திரநாத தாகூர், 1926 மே 30 அன்று முசோலினி அரசின் விருந்தினராக நேப்பிள்ஸ் நகரில் இறங்கினார். மறுநாள் முசோலினியைச் சந்தித்தார். அவர் கூறிய பாராட்டுகளைப் பத்திரிகைகள் பெரிதாக்கின. பின்னர் சுவிட்சர்லாந்தில் ரொமெய்ன் ரோலந்தும், இத்தாலியினின்று வெளியேறியோரும் உண்மையை உரைத்தனர். எதிர்த்துப் பேசிய மத்தியோத்தி என்னும் பாராளுமன்ற உறுப்பினர் 1924-இல் கடத்திக் கொல்லப்பட்ட நாடன்றோ அது! தாகூர் தம் பிழையை மறைக்கவில்லை. தீனபந்து ஆண்ட்ரூஸுக்கு எழுதிய கடிதத்தில் பாசிசத்தைக் கண்டித்தார். அது 1926 ஆகஸ்ட் மாதம் மான்செஸ்டர் கார்டியன் பத்திரிகையில் வெளிவந்தது. பிழையை ஒப்புக்கொண்டதால் அவர் புகழ் குறைந்ததா? கூடிற்று என்பேன்.

நேதாஜி 1930-களில் முசோலினியைச் சந்தித்தது பற்றி இந்நகரில் இன்றும் வாதம் நிகழ்கின்றது. அவர் படத்தை மாட்டிவைத்துப் போற்றும் தமிழ்க் குடும்பங்களுள் என் குடும்பமும் ஒன்று. போற்றுகின்றோம் என்பதற்காக வினாவைத் தடுக்க வேண்டியதில்லை. வினாவைத் தாங்காத பெருமை பெருமையாகாது.

இனி, இரயில் கதைக்கு வருவோம். போரில் சிதைந்த இத்தாலிய இரயில்வேயைச் செப்பனிடும் பணி முசோலினி வருமுன்பே தொடங்கிவிட்டது. பெயர்பெற்ற விரைவு வண்டிகள் நேரத்தில் ஓடின. சிற்றூர் செல்லும் வண்டிகள் பல தாமதமாகவே வந்தன. ஆகவே அக்கூற்றே முழு உண்மையன்று. முழு உண்மையாயினும் என்ன? 1923-இல் அவ்வாட்சி கொண்டுவந்த கல்விச் சட்டம், எல்லைப்புறத்து ஜெர்மன் மொழியினரும் ஸ்லோவேனிய மொழியினரும் தம் மக்களுக்குப் பள்ளியில் தாய்மொழியில் கற்பிக்கும் உரிமையைப் படிப்படியாகப் பறித்தது. வேற்று மொழியார் நடுவே வாழ்ந்து, ஞாயிறுதோறும் நம் குழந்தைகளுக்கு 'அ, ஆ' எழுதப் பழக்கும் நாம் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். 'நாம்' என்னும் சொல்லின் எல்லை குறுகும்போது முதலில் வெளியே நிறுத்தப்படுபவர் நம்மைப் போன்றவர்களே. கடிகாரம் சரியாக ஓடும் நிலையத்தில் நம் குழந்தைக்கு இடமில்லை என்றால் அந்த வண்டியால் நமக்கென்ன பயன்?

ஆதலின் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டில் நான்கு முறையேனும் ஒரு நல்ல ஆவணப்படத்தை நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். சத்யஜித் ராய் 1961-இல் எடுத்த தாகூர் படத்தில் தொடங்கலாம். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு, பிள்ளைகள் கேட்கட்டும், பெரியோர் விடை தேடட்டும். என் மகள் கேட்டிராவிடில், ஓய்வு பெறும்வரை அப்பழைய பொய்யைச் சொல்லிக்கொண்டே இருந்திருப்பேன்.

வாழ்க தமிழ்! வாழ்க நமக்கு வாழ்வளித்த வங்கம்!