மூன்றாவது கட்டம்: மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் தமிழ்ப் பெயர்கள்

மகாராஷ்டிரத்தில் பள்ளிச் சேர்க்கைப் படிவம் முதல் நிலப் பத்திரம் வரை, ஒருவரின் பெயர் மூன்று கட்டங்களில் எழுதப்படுகிறது. முதலாவது தன் பெயர். இரண்டாவது தந்தை பெயர், மணமான பெண்ணாயின் பெரும்பாலும் கணவர் பெயர். மூன்றாவது மராத்தியர் ‘ஆட்நாவ்’ என்று வழங்கும் குடும்பப் பெயர். தமிழர்க்கு முதல் இரண்டு கட்டங்களில் இடர் இல்லை. மூன்றாவதில் எழுதுவதற்குத் தமிழ்ப் பெயர்முறையில் இன்று பொதுவாக எதுவும் இல்லை. தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் தமிழ்க் குடும்பங்கள் இக்கட்டத்தை எவ்வாறு எதிர்கொண்டன என்பது பெயரியல் ஆய்வுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. சாதி வரலாற்றின் ஒரு பகுதியும் அதனுள் அடங்கியிருக்கிறது.

முதலில் தமிழ் முறையை நோக்குவோம். சங்கப் புலவர் பெயர்களில் ஊர், தொழில், தந்தை ஆகிய அடைகள் முன்னும், இயற்பெயர் பின்னும் நிற்கக் காண்கிறோம்: உறையூர் மருத்துவன் தாமோதரனார், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வணிகனார் மகனார் நப்பூதனார். சிறப்புப் பெயரும் இயற்பெயரும் சேர்ந்து வருமிடத்துச் சிறப்புப் பெயரே முன்வர வேண்டும் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் விதி. அடை முன்னும் தலைச்சொல் பின்னுமாக அமைவது தமிழ்த் தொடரியலின் பொது இயல்பு; பெயரும் அதே வழியில் நடந்திருக்கிறது. இன்றைய தலைப்பெழுத்து ஆங்கில அலுவலகப் பழக்கத்தால் வந்த சுருக்கம்தான். எனினும் ஊரும் தந்தையும் முன்னே, ஆள் பின்னே என்னும் அதன் வரிசை பழையது.

இந்த வரிசைக்கு மாறாகப் பெயரின் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது சாதிப் பட்டம்: பிள்ளை, முதலியார், நாடார், தேவர், ஐயர். ஐரோப்பியப் படிவங்கள் குடும்பப் பெயரைத் தேடுவதும் அதே கடைசி இடத்தில்தான். ஆகவே சாதிப் பட்டம் உடையவர்க்குக் குடும்பப் பெயர் ஆயத்தமாகவே கிடைத்தது. 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டும் எனத் தீர்மானித்தது. பின்வந்த பத்தாண்டுகளில் தமிழ்நாட்டுப் பொதுவாழ்வில் அப்பட்டங்கள் பேரளவு உதிர்ந்தன. அதனால் சாதி ஒழிந்துவிடவில்லை. ஆயினும் ஒருவர் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அவர் சாதி தெரியாத ஒரு நிலை, குறைந்தபட்சம் எழுத்தளவில், உருவாயிற்று. பட்டம் வைத்திருந்தவரும் வைத்திருக்க இயலாதவரும் தலைப்பெழுத்தின் கீழ் ஒரே வடிவில் நின்றனர்.

‘வைத்திருக்க இயலாதவர்’ என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பிறர் இட்ட பெயர்கள் இழிவுப் பொருளில் ஆளப்பட்டவை. அவற்றை யாரும் தம் பெயரின் பின்னே மதிப்புக்காகச் சேர்த்துக்கொண்டதில்லை. எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து 1922இல் அரசு ஆவணங்களில் ‘ஆதி திராவிடர்’ என்னும் பெயர் ஏற்கப்பட்டது. ஏழு சாதிப் பிரிவுகளை ஒருங்கே ‘தேவேந்திரகுல வேளாளர்’ என்று குறிக்கும் நாடாளுமன்றச் சட்டம் 2021இல் நிறைவேறியது. இவை போராடிப் பெற்ற கூட்டுப் பெயர்கள். தனியாள் பெயரின் வாலாக வழங்குவதற்கு எழுந்தவை அல்ல.

இப்பின்னணியோடு மும்பைக்கு வருவோம். மத்திய ரயில்வேயின் மாட்டுங்கா நிலையம் இரண்டு தமிழ் உலகங்களைப் பிரிக்கிறது. கிழக்கே கிங்ஸ் சர்க்கிள் வட்டாரம்: கோயில்கள், சபாக்கள், 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விக் கழகம், எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்து குடியேறிய பிராமணக் குடும்பங்கள். மேற்கே லேபர் கேம்ப்பும் அதற்கப்பால் தாராவியும்: தோல் பதனிடும் தொழிலுக்கும் ஆலை வேலைக்கும் துப்புரவுப் பணிக்கும் பெரிதும் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள், அவர்களுள் ஆதி திராவிடர் மிகப் பலர். கிழக்கே இருந்தவர்க்கு மூன்றாவது கட்டம் இடையூறாகவே இல்லை. ‘ஐயர்’ என்று எழுதினால் முடிந்தது. தமிழ்நாட்டில் மறைந்துகொண்டிருந்த அப்பட்டம் பம்பாயில் குடும்பப் பெயராக நிலைபெற்றதற்குப் படிவமும் ஒரு காரணம். மேற்கே வணிகம் செய்ய வந்த நாடார்களும் அவ்வாறே தம் பட்டத்தை எழுதினர். ஊரில் இருந்திருந்தால் தலைப்பெழுத்தோடு நின்றிருக்கக்கூடிய ஒருவர், மும்பையில் ‘நாடார்’ ஆனார். அவர் பிள்ளைகளும் அதுவே ஆயினர்.

பட்டம் இல்லாத குடும்பத்தில் நிகழ்வது வேறு. மகேஷ் என்பவரின் தந்தை மாரியப்பன், பாட்டனார் சுடலைமுத்து என்று வைத்துக்கொள்வோம். மூன்று கட்டங்களையும் நிரப்பினால் ‘மகேஷ் மாரியப்பன் சுடலைமுத்து’ என்று வரும். சுடலைமாடன் கோயிலில் நேர்ந்து பாட்டனாருக்கு இட்ட பெயர், பேரனுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. மகேஷுக்கு ஒரு மகள் பிறந்தால் இரண்டு வழிகள் உண்டு. பெயர்கள் ஒரு படி நகர்ந்தால் அவள் ‘பிரியா மகேஷ் மாரியப்பன்’. கடைசிப் பெயர் உறைந்து நின்றால் ‘பிரியா மகேஷ் சுடலைமுத்து’. முன்னதை நகரும் முறை என்றும், பின்னதை உறைந்த முறை என்றும் அழைக்கலாம்.

உலகம் இவ்விரண்டையும் அறிந்ததுதான். ஐஸ்லாந்தில் தந்தை அல்லது தாயின் பெயரோடு மகன், மகள் எனப் பொருள்படும் ஈறு சேர்ந்து தலைமுறைதோறும் பெயர் நகர்கிறது. மலேசியத் தமிழரின் ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரம்புவான்’ என்னும் குறிப்புகளும் இவ்வகையினவே. உறைதல் பல இடங்களில் அரசாணையால் நேர்ந்தது: 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவெரியா பிலிப்பீன்ஸ் மக்களுக்குப் பட்டியலிலிருந்து குடும்பப் பெயர் வழங்கினார், தாய்லாந்து 1913இலும் துருக்கி 1934இலும் சட்டம் இயற்றின. மொரீசியஸ், ரியூனியன் தீவுகளில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் இயற்பெயர்கள் பதிவேட்டில் உறைந்து, இன்று வழித்தோன்றல்களின் குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன. தென்னாப்பிரிக்காவில் ‘கவுண்டர்’ என்பது ‘கோவெண்டர்’ ஆகி நிலைத்தது. அங்கெல்லாம் உறைந்து முடிந்துவிட்ட ஒன்று, லேபர் கேம்ப் போன்ற இடங்களில் இன்னும் உறைந்துகொண்டிருக்கிறது. ஒரே வீட்டில் அண்ணன் பெயர் நகரும் முறையிலும் தங்கை பெயர் உறைந்த முறையிலும் பதிவாக இடமுண்டு. எந்த முறை என்பதைப் பெரும்பாலும் பள்ளியில் சேர்த்த நாளில் படிவத்தை நிரப்பியவரின் கைதான் முடிவுசெய்கிறது.

பெண்ணின் பெயர் மேலும் சிக்கலானது. மணமானபின் மகாராஷ்டிர வழக்கப்படி அவள் தன் பெயர், கணவர் பெயர், கணவர் குடும்பத்துப் பெயர் என்று எழுதுகிறாள். அக்குடும்பப் பெயர் மாமனாரின் இயற்பெயராக இருக்கும்போது, கணவரையும் மாமனாரையும் பெயர் சொல்லி அழைக்கலாகாது என்று வளர்க்கப்பட்ட பெண், அவ்விரு பெயர்களையும் வாழ்நாள் முழுதும் கையொப்பத்தில் சுமக்கிறாள். அவள் தந்தையின் பெயரோ ஆவணத்திலிருந்து நீங்கிவிடுகிறது. 2024 மே 1 முதல் தாயின் பெயரையும் அரசு ஆவணங்களில் சேர்க்க வேண்டும் என்று மகாராஷ்டிர அரசு முடிவெடுத்தது.  வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் குடும்பப் பெயர்க் கட்டம் அப்படியே இருக்கிறது.

எழுத்துமாற்றம் இன்னொரு முடிச்சு. தமிழர் ‘கீதா’வை ஆங்கிலத்தில் எழுதும்போது தகரத்துக்கு ‘டி’, ‘ஹெச்’ என இரண்டு எழுத்துகளை இடுவர். டகரத்திலிருந்து வேறுபடுத்த அது தேவை. அதை மராத்தி அறிந்த எழுத்தர் தேவநாகரியில் மாற்றும்போது மூச்சொலியுள்ள தகரமாகப் படிக்கிறார். தமிழின் குறில் எகர ஒகரங்களுக்கும் ழகரத்துக்கும் மராத்தி எழுத்தில் இயல்பான இடம் இல்லை. ஆகவே ஆங்கிலத்தில் உள்ள ஆதாரும் மராத்தியில் உள்ள ரேஷன் அட்டையும் ஒரே ஆளை இருவேறு ஒலிகளில் சொல்கின்றன.

இவை வெறும் எழுத்துப் பிழைகளாக நின்றுவிடுவதில்லை. மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் பெறுவதற்குக் குடும்பம் 1950 ஆகஸ்ட் 10 அன்று அம்மாநிலத்தில் வசித்ததை மெய்ப்பிக்க வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவர் தம் பட்டியல் தகுதியைப் புதிய மாநிலத்தின் இடஒதுக்கீட்டுக்குக் கொண்டுவர இயலாது என்று, ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த மாணவர் தொடுத்த மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. ஆகப் பாட்டனாரின் பழைய ஆவணத்துக்கும் பேத்தியின் ஆவணத்துக்கும் இடையே பெயர்ச் சங்கிலி அறாமல் இருப்பது இன்றியமையாதது. தாராவி மறுசீரமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியபோதும், 2000 ஜனவரி 1 என்னும் வரம்பு நாளுக்கு முந்தைய ஆவணங்களே கேட்கப்பட்டன. நகரும் முறையில் ஒவ்வொரு பெயரும் மூன்று தலைமுறையைத் தன்னுள்ளேயே காட்டுகிறது. உண்மையில் அது நல்ல சான்று. ஆனால் குடும்பப் பெயர் மாறாது என்று நம்பும் அலுவலரின் கண்ணுக்கு, அதே பெயர் முரண்பாடாகத் தெரிகிறது.

இங்கே ஒரு முரணைக் காண வேண்டும். இட ஒதுக்கீட்டுக்கு வரும்போது, உன் சாதி இம்மாநிலத்தில் செல்லாது என்கிறது சட்டம். படிவத்துக்கு வரும்போது, சாதிப் பட்டம் இருந்திருந்தால் எளிதாக நிரப்பியிருக்கலாம் என்று சொல்லாமல் சொல்கிறது மூன்றாவது கட்டம்.

மராத்தியரிடையேயும் இக்கட்டம் எல்லோர்க்கும் ஒன்றுபோல் இருந்ததில்லை. அம்பேத்கரின் தந்தையார் ராம்ஜி மாலோஜி சக்பால். பூர்வீக ஊரான அம்படவேயின் பெயரால் பள்ளிப் பதிவேட்டில் ‘அம்படவேகர்’ என்று எழுதப்பட்டுப் பின்னர் ‘அம்பேத்கர்’ ஆயிற்று என்று அவர் வாழ்க்கை வரலாறுகள் கூறும். ‘கர்’ ஈறு பெற்ற ஊர்ப்பெயர், சாதியை உடனே வெளிக்காட்டாத ஒரு புகலிடத்தை மராத்தியில் தருகிறது. தமிழில் ஊர்ப்பெயர் முன்னே நிற்பது. கடைசிக் கட்டத்துக்கு அது எளிதில் இறங்கவில்லை. அம்பேத்கரைத் தம் தலைவராக ஏற்ற லேபர் கேம்ப் தமிழர்க்கு அவர் பெயர் சென்ற வழி திறந்திருக்கவில்லை.

பெயர் அயலாரைக் காட்டிக்கொடுத்த காலமும் இந்நகரில் உண்டு. 1966இல் சிவசேனை தோன்றுவதற்கு முன்பே, ‘மார்மிக்’ வார இதழ் பம்பாய் நிறுவனங்களில் பதவி வகித்த தென்னிந்தியரின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டது. அங்கே பெயரே சான்றாக நின்றது. பிள்ளைகளுக்கு மகேஷ், பிரியா என்று எம்மாநிலத்தார்க்கும் பொதுவான பெயர் இடுவதில் காலமாற்றத்தோடு இத்தகைய நினைவுக்கும் பங்கிருக்கக் கூடும். அப்படியாயின் முதல் கட்டம் தமிழை மறைக்கிறது. மூன்றாவது கட்டத்தில் சுடலைமுத்தும் இசக்கிமுத்தும் அதை வெளிக்கொணர்கிறார்கள்.

குடும்பப் பெயர் என்பது உலகப் பொதுவான, நடுநிலையான ஒரு தகவல் என்ற எண்ணத்தோடுதான் படிவங்கள் வடிவமைக்கப்படுகின்றன. இந்தியக் கடவுச்சீட்டில் அக்கட்டத்தை வெறுமையாக விடலாம். ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள சீட்டோடு வருகை விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்து, பின்னர் தந்தை பெயர் சீட்டில் இருந்தால் போதும் என்று விளக்கமளித்தது. படிவம் மாறக்கூடியதே என்பதற்கு அவ்விளக்கமே சான்று. முழுப்பெயருக்கு ஒரே கட்டம், உறவைக் காட்டப் பெற்றோர் பெயருக்குத் தனிக் கட்டம் என்று அமைத்தால் எந்த நிர்வாகமும் நின்றுவிடாது.

மும்பைத் தமிழரைக் குறித்து ஆய்வு செய்யும் மாணவ நண்பர்கள், வாக்காளர் பட்டியலிலோ பள்ளிப் பதிவேட்டிலோ ‘குடும்பப் பெயர்’ என்று கண்டதைக் கொண்டு சாதியையோ வம்சத்தையோ கணக்கிடுமுன், அது பட்டமா, நகரும் தந்தை பெயரா, உறைந்த பாட்டனார் பெயரா என்று வீட்டாரிடம் கேட்டறிய வேண்டும். கணக்கில் பட்டம் உடையோர் மட்டும் ஒரு குழுவாகத் தெரிவர். பட்டம் இல்லாதோர் ஆயிரம் தனிப் பெயர்களாகச் சிதறிப் போவர். எண்ணிக்கையில் அவர்கள் குறைவாகத் தோன்றுவதற்கு நம் ஆய்வுமுறையே காரணமாகிவிடலாகாது.