எல்லை தாண்டிய நகரம்

நம் புசா ரோட்டின் மேலே செல்லும் மெட்ரோ வண்டியில் ஏறி அமர்ந்தால் நொய்டா போய்ச் சேரலாம். இடையில் ஒரு ராஜ்யத்தின் எல்லையைக் கடந்தது நமக்குத் தெரிவதேயில்லை. ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு இதில் வியப்பில்லை. தண்டவாளம் எல்லை பார்த்து நிற்பதன்று. நகரசபையோ அங்கேயே நின்றுவிடுகிறது. அதன் வரலாறு காலனி அன்பர்கள் அறியத்தக்கது.

1911-ல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டபொழுது டில்லி, பஞ்சாப் மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. 1912 அக்டோபர் 1-ந் தேதி அது தனி மாகாணமாயிற்று. யமுனையின் கீழ்க்கரை அப்பொழுது ஐக்கிய மாகாணத்தில் இருந்தது. 1915-ல் அங்கிருந்து ஷாதரா பக்கத்து 65 கிராமங்களை எடுத்து டில்லியுடன் சேர்த்தனர். நகரத்திற்காகக் கோட்டையே நகர்த்திவிட்டனர்! கிராமத்தாரின் சம்மதம் கேட்கும் வழக்கம் அக்காலத்தில் ஏது?

குடியரசில் அஃது எளிதன்று. அரசியல் சட்டத்தின் 3-வது ஷரத்துப்படி பார்லிமெண்ட் சட்டம் இயற்ற வேண்டும். முன்னதாக அந்த ராஜ்யச் சட்டசபையின் கருத்தைக் கேட்க வேண்டும். 1956-ல் ஏழாவது திருத்தத்தால் டில்லி யூனியன் பிரதேசமாயிற்று. 1958-ல் கார்ப்பொரேஷன் பிறந்தது. அருணா ஆசப் அலி முதல் மேயரானார். 1991-ல் 69-வது திருத்தம் சட்டசபைக்கு வழி செய்தது. யாவும் கோட்டுக்குள்ளேதான்.

நகரமோ கோட்டைத் தாண்டி வளர்ந்தது. ஹரியானா, உத்தரப் பிரதேச, ராஜஸ்தான் சட்டசபைகள் இசைந்து தீர்மானம் நிறைவேற்ற, 252-வது ஷரத்தின் கீழ் 1985-ல் தேசியத் தலைநகர் வட்டாரத் திட்ட வாரியம் ஏற்பட்டது. அது திட்டம் தீட்டும். தெருவில் குப்பை வாராது.

1993 ஜூன் 1-ந் தேதி அமலுக்கு வந்த 74-வது திருத்தம், நகரசபைகளுக்கு அரசியல் சட்டத்திலேயே இடமளித்தது. ஐந்தாண்டுக்கொரு முறை தேர்தலையும் உறுதி செய்தது. ஆயினும் 243-க்யூ ஷரத்தில் ஒரு விலக்கு உண்டு. தொழில் நகரியம் என்று கவர்னர் அறிவிக்கும் இடத்தில் நகரசபை அமைக்காதிருக்கலாம். நொய்டா அவ்வகையைச் சேர்ந்தது. நம் பிள்ளைகள் பலர் வீடு வாங்கிக் குடியேறிய அவ்வூரில், பார்லிமெண்டுக்கும் சட்டசபைக்கும் வாக்குண்டு. வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லை.

2022 டிசம்பரில் டில்லி கார்ப்பொரேஷன் தேர்தலில் வாக்களித்துவிட்டு, மாலையில் நொய்டாவிலுள்ள தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். என் விரல் மையைப் பார்த்து அவன் மகள் கேட்டாள்: “பெரியப்பா, எங்கள் ஊரில் இந்தத் தேர்தல் எப்பொழுது?”