ரங்கூனிலிருந்து திரும்பிய மூச்சு

வங்கக் கடலிலிருந்து ஹூக்ளி ஆற்றில் ஏறிவரும் கப்பல், கல்கத்தா நகரைத் தொடுமுன் கார்டன் ரீச் கரையைக் கடந்தாக வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார் தோட்ட பங்களா கட்டி வாழ்ந்த கரை அது. 1856இல் அரியணை இழந்து வந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா, 1887இல் சாகும்வரை இங்கேயுள்ள மட்டியாபுர்ஜில்தான் இருந்தார். பிறகு கப்பல்துறையும் பட்டறைகளும் ரயில்வே தலைமை அலுவலகமும் வந்து ஊரின் முகம் மாறியது. ரங்கூன் கப்பல்கள் போய்வந்த தடமும் இதுதான். அந்த ரங்கூன் தொடர்பு இல்லாவிட்டால், மூச்சைக் கவனிக்கும் பௌத்தப் பயிற்சி அது பிறந்த நாட்டுக்கு இவ்வளவு எளிதில் திரும்பியிருக்காது.

கல்கத்தாவில் பௌத்தர்கள் இல்லாமல் இல்லை. சிட்டகாங்கின் பருவா சமூகத்தார் வழிவழியாகப் பௌத்தர்கள். 'மக்' சமையல்காரர்கள் என்ற பெயரில் துரைமார் வீடுகளிலும் கப்பல்களிலும் அவர்களது கைப்பக்குவத்துக்குத் தனி மவுசு. அதே சமூகத்துப் பிக்கு கிருபாசரண் 1892இல் இங்கே பௌத்த தர்மாங்குர் சபையைத் தொடங்கினார். ஆனாலும் தியானத்தில் ஆழம் தேடிய சிட்டகாங்காரரான முனீந்திரர், புத்தகயைக் கோயில் நிர்வாகப் பொறுப்பை விட்டுவிட்டு 1957இல் பர்மாவுக்குத்தான் போனார்.

அங்கே அவரிடம் கற்றவர் நானி பாலா பருவா. 1911இல் சிட்டகாங் பகுதிக் கிராமத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் கல்யாணம், பதினான்கில் ரங்கூன். மூன்று குழந்தைகளில் இரண்டைப் பறிகொடுத்தார். 1957இல் கணவரும் போனார். இதய நோய் வேறு. தியானக் கூடத்தின் படிகளில் தவழ்ந்து ஏறியிருக்கிறார். முதல் முறை பயிற்சிக்குப் போன இடத்தில் நாய் கடித்து, ஊசி போட்டுக்கொள்ளத் திரும்பவேண்டியதாயிற்று. மகள் பெயர் தீபா. அதனால் இவர் 'தீபா மா'.

அவர் கற்றது பர்மியத் துறவி மகாசியின் முறை. அதில் மூச்சுக்கேற்ப வயிறு எழுவதையும் தாழ்வதையும் வெறுமனே கவனிக்க வேண்டும். மூச்சை அடக்குவதோ நீட்டுவதோ கிடையாது. பிராணாயாமத்திலிருந்து இது பிரிவது அங்கேதான். நாசியை விட்டு வயிற்றைப் பார்ப்பது மரபாகுமா என்று இலங்கையில் சண்டையே நடந்தது. தீபா மா அந்த வழக்குக்குள் போகவில்லை.

1967இல் மகளுடன் கல்கத்தாவுக்குக் குடிவந்தார். பழைய சீனா பஜார் தெருவில், உலோகம் தேய்க்கும் பட்டறைக்கு மேலே சின்னக் குடித்தனம். தண்ணீரை மாடிக்குச் சுமக்க வேண்டும். சமையல் கரி அடுப்பில். கீழே இரும்பு அலறிக்கொண்டிருக்க, மேலே அண்டை அயல் பெண்கள் தியானம் கற்றார்கள். நேரமில்லை என்ற தாய்மாரிடம், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரத்தில் அது உறிஞ்சுவதைக் கவனி என்றார். துறவு மடங்களில் எழுதப்பட்ட எத்தனையோ உரைகளில் கிடைக்காத யோசனை இது. ஜோசப் கோல்ட்ஸ்டைன், ஷாரன் சால்ஸ்பெர்க் போன்ற அமெரிக்கர்களும் அந்த மாடிப்படி ஏறினார்கள். அவர்கள் மாசசூசெட்ஸில் பங்கேற்று உருவாக்கிய தியான மையத்துக்கு 1980களில் இரண்டு முறை போய் அவர் கற்பித்தார். 1989இல் காலமானார்.

தீபா மா ரங்கூனை விட்டு வந்தது தற்செயல் அல்ல. 1962இல் ஆட்சியைப் பிடித்த பர்மிய ராணுவம் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியது. அயல்நாட்டார் தங்கியிருப்பதும் சிக்கலானது. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள், அவர்களில் தமிழர்கள் ஏராளம். சென்னையில் பர்மா பஜார் முளைத்தது 1969இல். அதே ஆண்டில்தான் மண்டலேயில் பிறந்த வணிகர் சத்திய நாராயண கோயங்கா, நோயுற்ற தாய்க்காக பம்பாய் வந்தார். ஒற்றைத் தலைவலிக்கு விடிவு தேடி பர்மிய அரசுக் கணக்கு அதிகாரி ஊ பா கினிடம் தியானம் கற்றவர் அவர். கோயங்காவின் முறையில் முதல் மூன்று நாளும் நாசியில் வந்துபோகும் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். ஜூலையில் பம்பாயில் முதல் முகாம் நடத்தினார். இரண்டாவது முகாம் நடந்த ஊர் சென்னை. இன்று அம்முறையைக் கற்க விரும்பும் சென்னைக்காரர்கள் திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையத்துக்குப் போகிறார்கள்.