கீழடியின் மண்தளங்கள்

அகழாய்வில் சுவருக்குள்ள மதிப்புத் தரைக்குக் கிடைப்பதில்லை. பொம்பெயி நகரில் 1831இல் வெளிப்பட்ட அலெக்சாந்தர் ஓவியத் தளத்தைப் பெயர்த்து நேப்பிள்சு காட்சிசாலையிற் சேர்த்தனர். ஓட்டுத்தூளும் சுண்ணமும் குழைத்துப் பரப்பிய எளிய தளங்களைக் கருதுவார் நெடுங்காலம் அரியராகவே இருந்தனர். நம் நாட்டு நிலையும் இதனின் வேறன்று.

மதுரைக்குத் தென்கிழக்கே வைகைச் சமவெளியிலுள்ள கீழடியில் நடுவண் தொல்லியல் துறை 2014-15இல் தொடங்கிய அகழாய்வை, 2017-18 முதல் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை மேற்கொண்டது. ஆங்குக் கண்ட செங்கற் கட்டடங்களையும், உறைகிணறுகளையும், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளையும் அறியாதார் இலர். அவற்றோடு நுண்களிமண்ணால் அமைத்த தளங்களும் வெளிப்பட்டன. அவற்றைப் பற்றிய பேச்சே அரிது.

ஓர் ஓட்டின் காலத்தை அறுதியிடுவது தளமே. தளத்தின் கீழ்ப் புதையுண்டது அதற்கு முந்தியது. மேற்கிடப்பது அதில் வாழ்ந்தோர் விட்டதோ, பின்னர் வந்து சேர்ந்ததோ ஆகும். ஆனால், பிற்காலத்தார் தோண்டிய குழி தளத்தைத் துளைத்திருப்பின், பிந்திய பொருளும் கீழே இறங்கிவிடும். 353 செ.மீ. ஆழத்துக் கரித்துண்டு ஒன்றற்குக் கி.மு. 580 எனக் காலம் கணிக்கப்பட்டதை 2019ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. எழுத்தின் தொன்மை பற்றிய வழக்கு அதனை ஒட்டியே எழுந்தது. ஆழம் ஒத்திருத்தல் மட்டும் போதாது. இடையில் உடையாத தளம் உண்டா என்பதே முதலில் வினவற்பாலது. கூரை தாங்கிய மரக்கால்களின் குழிகளும், மரம் மக்கிய பின்னர், தளத்தில் நிறம் வேறுபட்ட வட்டங்களாகவே தெரியும். மண்வெட்டி சற்று விரைந்தால் அவையும் போம்.

கணவனை இழந்தாள் ஒருத்தி சிற்றிடத்தைச் சாணமும் கண்ணீரும் கொண்டு மெழுகுவதைப் புறநானூற்று 249ஆம் பாட்டுக் காட்டும். மெழுகுந்தோறும் தரையில் நுண்ணிய படலம் ஒன்று ஏறும். அத்தகைய படலங்களை நுண்ணோக்காடியிற் கண்டு ஆராயும் முறை இன்று வளர்ந்துள்ளது. சங்கப் பாட்டை ஆராய்வார்க்கும் இதில் பங்குண்டு என்பது எம் கருத்து.

பாதுகாப்பதோ எளிதன்று. களிமண்தளம் வெயிலில் வெடிக்கும், மழையிற் கரையும். செங்கற் சுவருக்குக் கூரையிட்டாற் பெரிதும் அமையும். மண்தளத்திற்கு மீண்டும் மண்ணிட்டு மூடுதலே தக்க காப்பாகும். குழிகளை மூடுவதை மறைப்பெனக் கருதி வருந்துவார் உளர். அவ்வருத்தம் இயல்பே எனினும் பொருந்தாது. மேலும், கீழ்மண்ணடுக்கைக் காண வேண்டின் தளத்தை வெட்டியே தீரவேண்டும். அங்ஙனம் வெட்டுங்கால் ஒவ்வொரு தளத்திலும் ஒரு பாதியையேனும் வெட்டாது விட்டு, அதன் இடமும் மட்டமும் குறித்து மூடிவைத்தல் வேண்டும்.