தாமதமாக வந்தவனும் இரண்டு சுற்று ஓட்டமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. கடச்சனேந்தல் டீக்கடையில் நின்றிருந்தேன். ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒருவர் அழகர்கோவில் பக்கமிருந்து சைக்கிளில் வேகமாக வந்து இறங்கினார். கடைக்காரரிடம் சைக்கிளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஷூவை மாற்றினார். வந்த வழியிலேயே ஓட ஆரம்பித்துவிட்டார். வழியில் எதையோ தவறவிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தவர், "சார், என்னைத் தெரியலையா?" என்றார். கண்ணாடியைக் கழற்றியதும் தெரிந்தது. 1988ல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை வந்து டாக்டர் எச்சரித்த பிறகு நடக்கத் தொடங்கி, நடை ஓட்டமாகி, இப்போது டூயத்லான் போட்டிக்குத் தயாராகிறானாம். முதலில் ஓட்டம், அடுத்து சைக்கிள், மறுபடியும் ஓட்டம். அடுத்த வருடம் நீச்சலும் சேர்ந்த டிரையத்லான்.

"சைக்கிள்ல இருந்து இறங்கின கையோட ஓடிப் பழகணும் சார். இந்தப் பயிற்சிக்கு பிரிக்னு பேரு. கால் ரெண்டும் செங்கல் மாதிரி கனக்கும். ஆனா இதை எனக்கு முதல்ல பழக்கிவிட்டதே நீங்கதான்" என்று சிரித்தான்.

எனக்குச் சுருக்கென்றது. அவன் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் 12 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வருவான். வாரத்தில் மூன்று நாளாவது தாமதம். பிரேயர் முடிந்து வருகிறவர்களுக்கு மைதானத்தில் இரண்டு சுற்று ஓட்டம் என்பது நான் வைத்த சட்டம். அவனும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, வேர்வையோடு ஓடுவான். ஏன் தாமதம் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

37 வருடம் கழித்து அந்த டீக்கடையில்தான் கேட்டேன். "வீட்டுல ஒரே சைக்கிள் சார். அப்பா சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டுத் திரும்பி வந்தாத்தான் எனக்கு. ஆடி மாசம்னா எதிர்காத்து வேற" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "தங்கச்சி எட்டாவதோட நின்னுட்டா. அவளுக்கு ஏது சைக்கிள்?" என்றான்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. சரித்திர வாத்தியாருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பழைய கதையைத் தேடிப் படிப்பதுதான். படித்ததைச் சொல்கிறேன்.

ஓட்டம், சைக்கிள், நீச்சல் மூன்றையும் சேர்த்த டிரையத்லான் போட்டி 1974 செப்டம்பர் 25ல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மிஷன் பே என்ற இடத்தில் நடந்தது. கலந்துகொண்டவர்கள் 46 பேர். அவர்களில் ஒருவர் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ். பிறகு ஹவாய் தீவில் இருந்தபோது, ஓடுகிறவனுக்குத் திடம் அதிகமா, நீந்துகிறவனுக்கு அதிகமா என்று ஒரு விவாதம் வந்தது. சைக்கிள்காரனை ஏன் விட்டீர்கள் என்று கேட்ட காலின்ஸ், அங்கே தனித்தனியாக நடந்துவந்த மூன்று போட்டிகளை ஒன்றாகக் கோத்துவிட்டார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில்! இதுதான் அயர்ன்மேன்.

1978 பிப்ரவரி 18ல் நடந்த முதல் அயர்ன்மேனில் இறங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். பரிசுப் பணம் கிடையாது. 11 மணி 46 நிமிடத்தில் முதலில் வந்த கார்டன் ஹாலர் டாக்சி ஓட்டிப் பிழைத்தவர். இரண்டாவதாக வந்த ஜான் டன்பருக்கு, உடன் வந்த நண்பர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய் பீரைக் கொடுத்தார்களாம். காலின்ஸும் 17 மணி நேரத்தில் முடித்தார். மறு வருடமே லின் லெமேர் என்ற பெண் ஆண்களோடு போட்டியிட்டு மொத்தத்தில் ஐந்தாவதாக வந்தார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் சேர்ந்தது. அதில் தூரம் குறைவு: 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். 2019ல் பாதி தூர அயர்ன்மேன் கோவாவுக்கே வந்துவிட்டது. தொடங்கியவர்கள் எல்லாம் வேலை வெட்டி பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் பழகியவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

நம் பக்கமும் தெம்புக்குக் குறைவில்லை. மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்து, சீட்டுக்குக் கால் எட்டாமல் குரங்கு பெடல் போட்டுப் பழகியவர்கள் உங்களில் எத்தனை பேர்? ஊர்ப் பொட்டலில் ஏழு நாள் இறங்காமல் சைக்கிள் சுற்றுவாரே ஒருவர், குளியலும் சாப்பாடும் சைக்கிள் மேலேயே! அவருக்கு நாம் கொடுத்தது சில்லறையும் கைத்தட்டலும்தான்.

1991ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார். 1992 மகளிர் தினத்தில் 1500க்கும் அதிகமான பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். 2000க்குப் பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிளும் வந்தது. என் மாணவனின் தங்கைக்கு இரண்டுமே காலம் கடந்து வந்தவை.

நம் சக்கிமங்கலம் ரேவதி வீரமணியை எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதிலேயே தாய் தந்தையை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியிடம் வளர்ந்த பிள்ளை. பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடியதைப் பயிற்சியாளர் கண்ணன் கவனித்தார். தயங்கிய பாட்டியிடம் பேசிச் சம்மதம் வாங்கிப் பயிற்சி கொடுத்தார். 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் அந்தப் பிள்ளை இந்தியாவுக்காக ஓடியது. கண்ணன் பிள்ளை ஓடுவதைப் பார்த்து வீட்டு நிலைமையை விசாரித்தார். நான் கடிகாரத்தை மட்டும் பார்த்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இப்போதுதான் உறைக்கிறது.

கால் ஏன் கனக்கிறது என்பதையும் அவனிடமே கேட்டேன். சைக்கிளில் உடம்பின் பாரத்தைச் சீட்டு தாங்கிக்கொள்கிறது. தொடை மட்டும் வட்டமாக வேலை செய்கிறது. இறங்கி ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. களைத்த தொடை புது வேலைக்குப் பழக நேரம் எடுக்கும். முதல் கிலோமீட்டர் யாரோ ஒருவருடைய கால் மாதிரி இருக்குமாம். அதனால்தான் இரண்டையும் அடுத்தடுத்துப் பழகுகிறார்கள்.

நம் வெயிலுக்கு உடம்பு பழகவே பத்துப் பதினான்கு நாள் வேண்டும். வேர்வையோடு உப்பும் போகிறது, வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். உத்தரவு போட்டே பழகிய வாய், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட போங்க சார், அந்த ரெண்டு ரவுண்டு இல்லைன்னா எனக்கு ஓடத் தெரியும்னே தெரிஞ்சிருக்காது" என்றான். பெருந்தன்மையாகச் சொல்கிறான். அதற்காக நான் செய்தது சரியாகிவிடாது. பால் கேனோடு அப்பா திரும்பும் வரை வாசலில் நின்ற பையனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், தங்கையின் படிப்பைப் பற்றியும் தெரிந்திருக்கும். வீட்டுக்குப் போய்ப் பேசியாவது பார்த்திருக்கலாம்.

போட்டியன்று சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடத் தொடங்கும் இடத்தில் என்னை வந்து நிற்கச் சொல்லியிருக்கிறான். போகிறேன். இந்த முறை தண்ணீர் பாட்டிலோடு.

என் சட்டத்தால் மைதானம் சுற்றியவர்கள் இன்னும் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். ஏன் தாமதமாக வந்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். இப்போதாவது கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்