கம்பி வேலியும் குடியுரிமையும்

இன்று சிலாங்கூரின் தலைநகராக விளங்கும் ஷா ஆலம், ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நிறைந்த தோட்டப்புறம். அந்நாளில் அதிகாலையில் பால்மரம் வெட்டப் புறப்பட்ட நம் தொழிலாளரைத் தோட்ட வாசலில் நிறுத்திச் சோதனையிட்டார்கள். காட்டிலிருந்தோருக்கு உணவு போய்விடக்கூடாதே என்ற அச்சந்தான் காரணம். அந்நிலை ஏன் வந்தது?

1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் நாடு முழுவதும் அவசரகாலம் பிறந்தது. ஜப்பானியர் ஆட்சியால் நலிந்திருந்த அரசு, படையையும் போலீசையும் பெருக்கியது. பாலஸ்தீனத்தில் பணி முடித்த பிரிட்டிஷ் போலீசார் பல நூறு பேர் வந்து சேர்ந்தனர். அவர்களுக்குத் துப்பாக்கி தெரியும். நம் மக்களின் மொழி தெரியாது. அதே ஆண்டு டிசம்பரில் பத்தாங் காலியில் நிராயுதபாணிகளான 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். மக்களைக் காக்க வந்த படைக்கே மக்கள் அஞ்சினால், அரசு எப்படி வலுப்பெறும்?

1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் கம்பி வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். கோலாலம்பூரின் ஜின்ஜாங் அவற்றுள் ஒன்று. தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த குடியிருப்புகள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டன. இரவில் காட்டுக்காரர் மிரட்டல், பகலில் அரசின் சந்தேகம். இரண்டுக்கும் நடுவே தவித்தவர் சாதாரண மக்களே.

வேலியால் உணவைத் தடுக்க முடிந்தது; நம்பிக்கையை வளர்க்க முடியவில்லை. 1951 அக்டோபரில் ஹைகமிஷனர் கர்னியே பிரேசர் மலைச் சாலையில் கொல்லப்பட்டார். மறு ஆண்டு வந்த டெம்ப்ளர், போர் நடவடிக்கையைத் தளர்த்தவில்லை. கடுமையான கூட்டுத் தண்டனைகளும் விதித்தார். ஆயினும் லண்டனிலிருந்து வந்த ஆர்தர் யங், மக்களுக்குப் பணிபுரியும் முறையைப் போலீசாருக்குக் கற்பித்தார். குடியுரிமைச் சட்டமும் விரிவாக்கப்பட்டது. 1955இல் பொதுத் தேர்தல், 1957இல் சுதந்திரம். அந்நியர் ஆட்சியை எதிர்ப்பதாகச் சொல்லித் துப்பாக்கி ஏந்தியவர்களின் வாதம் அன்றோடு வலுவிழந்தது. 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிவுற்றது.

அதே 1960இல் நம் படையினர் ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில் காங்கோவுக்குச் சென்றனர். 2003இல் பயங்கரவாத எதிர்ப்புக்கான தென்கிழக்காசிய வட்டார மையம் கோலாலம்பூரில் அமைந்தது. உதவி பெற்ற நாடு, உதவி வழங்கும் நாடாயிற்று.

வெளியார் ஆயுதம் தரலாம், பயிற்சியும் தரலாம். இது என் நாடு என்ற உரிமையை மக்கள் பெறாதவரை அவை வெறும் வேலியே. நலிந்த நாடுகளுக்கு உதவச் செல்வோர் நம் தோட்டப்புறத்தின் இந்தப் பாடத்தையும் உடன் கொண்டு செல்வது நல்லது.